தேன் சரி, எலுமிச்சை வேண்டாம்

முகப்பருவுக்கு எங்கள் பக்கத்தில் சொல்லாத வைத்தியம் கிடையாது. டூத்பேஸ்ட் வை என்பார்கள். சந்தனம் உரசி வை என்பார்கள். முல்தானி மட்டி, கடலை மாவு, கஸ்தூரி மஞ்சள், ஐஸ் கட்டி, காலையில் பல் விளக்குவதற்கு முன் எச்சில் என்று பட்டியல் நீளும். இதில் நான் சண்டை போடாமல் விட்டுவிடுகிற ஒரே பொருள் தேன். அது பருவை விரட்டாது. ஆனால் அது முகத்தில் இருக்கிற நேரம் வேறு எதுவும் முகத்தில் ஏறாது, அந்த ஒரு காரணத்துக்காகவே அதன் பக்கம் நிற்கிறேன்.

வடசென்னையில் பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டை ஒட்டிய ஒரு தெருவில், மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கிறேன். டி.பார்ம் என்கிற மருந்தாளுநர் படிப்பு, தண்டையார்பேட்டையில் வீடு. பத்தாவது படிக்கும்போது வந்த பரு, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகும் மாதம் தவறாமல் தாடையோரம் தலைகாட்டிவிட்டுத்தான் போகிறது. எம்.சி. ரோடு முழுக்கத் துணிக்கடை. முகூர்த்த மாதங்களில் கல்யாணத் துணி எடுத்த கையோடு, பெண்ணின் முகத்துக்கும் ஏதாவது வாங்கிவிடலாம் என்று அத்தை, சித்தி சகிதம் எங்கள் கடைக்குள் வருவார்கள். "இன்னும் பத்து நாள்தாம்மா இருக்கு, முகம் தெளியிற மாதிரி ஏதாவது குடு." பத்து நாளில் பரு தெளியும் என்று எந்த மருந்துப் புத்தகத்திலும் இல்லை. அதைச் சொன்னால் அடுத்த கேள்வி: "அப்போ தேன் தடவலாமா?"

தடவலாம். ஆனால் இதைப் பாட்டி வைத்தியம் என்று சொல்லும்போதுதான் எனக்குச் சிரிப்பு வரும். எங்கள் ஆயா தேன் பாட்டிலை அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருப்பார். இருமலுக்குத் திப்பிலிப் பொடி குழைக்க எடுப்பார், வாய்ப்புண்ணுக்கு எடுப்பார், அடுப்பில் கை சுட்டுக்கொண்டால் எடுப்பார். முகத்தில் பூச எடுத்து நான் பார்த்ததே இல்லை. சித்த மருத்துவத்திலும் தேனுக்குப் பெரிய வேலை அனுபானம், அதாவது சூரணத்தைக் குழைத்து உள்ளே கொண்டுபோவது. முகத்துக்குத் தேன் பேக் போடுவது எங்கள் தெருவுக்கு டிவியிலும், அப்புறம் யூடியூபிலும் வந்தது. பாட்டி பெயரைப் போட்டால் கேள்வி கேட்கமாட்டோம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஆயாவின் சூட்டுப் புண் கணக்கு சரிதான். தேனில் ஏறக்குறைய 80 சதவீதம் சர்க்கரை, 17 அல்லது 18 சதவீதம் தண்ணீர். இவ்வளவு அடர்த்தியான சர்க்கரையில் பெரும்பாலான கிருமிகளால் வளர முடியாது. அவற்றின் உடம்பிலுள்ள தண்ணீரையும் தேன் உறிஞ்சிவிடும். போதாக்குறைக்கு அது அமிலம். அமிலத்தை அளக்கிற பி.எச். அளவு (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 4-ஐ ஒட்டி இருக்கும். இதற்கு மேல் ஒரு நுட்பமான வேலை நடக்கிறது. தேனீ பூவின் மதுவைத் தேனாக மாற்றும்போது தன் சுரப்பியிலிருந்து குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் என்ற நொதியைச் சேர்க்கிறது. கெட்டித் தேனில் இது தூங்கிக் கிடக்கும். கொஞ்சம் தண்ணீர் பட்டதும் விழித்துக்கொண்டு, குளுக்கோஸிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடை மிகச் சிறிய அளவில், விட்டு விட்டு உண்டாக்கும். காயம் கழுவும்போது நுரைத்துக்கொண்டு வருமே, அதே பெராக்சைடு. அதனால்தான் காய்ந்த முகத்தைவிட ஈர முகத்தில் தேன் தடவுவதில் அர்த்தம் இருக்கிறது. ஆழமில்லாத தீப்புண்களைத் தேன் சீக்கிரம் ஆற்றுகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. காமா கதிரில் கிருமி நீக்கிய மருத்துவத் தரத் தேனைப் புண்ணுக்குக் கட்டுப்போட வெளிநாட்டு மருத்துவமனைகளில் பயன்படுத்துகிறார்கள்.

இவ்வளவும் படித்துவிட்டு, கிருமியைக் கொல்கிற பொருள் பருவையும் கொல்லும் என்று முடிவுகட்டினால் அங்கேதான் கணக்கு உதைக்கும். தீப்புண் திறந்து கிடக்கிறது, பரு மூடிக் கிடக்கிறது. மயிர்க்காலின் உள்ளே எண்ணெய் அதிகமாகச் சுரந்து, உதிர வேண்டிய செத்த தோல் உதிராமல் அதோடு சேர்ந்து துவாரத்தை அடைத்து, அடைப்புக்குப் பின்னால் கிருமி பெருகி, உடம்பு அதை எதிர்த்து வீங்குவதுதான் பரு. எண்ணெய் ஊறிய அந்த அடைப்பைத் தாண்டி, தண்ணீரில் கரைகிற சர்க்கரைப் பாகு உள்ளே போவது கஷ்டம். மூடி போட்ட பாட்டிலுக்கு வெளியே மருந்தைத் தடவுகிற கதைதான். மூக்கு மேல் உள்ள பிளாக்ஹெட், வைட்ஹெட் என்கிற கரும்புள்ளிக்கும் வெண்புள்ளிக்கும் தேன் எதுவும் செய்யாது. சிவந்து, தலை திறந்துவிட்ட பருவின் மேல் கொஞ்சம் இதமாக இருக்கும், அவ்வளவுதான்.

இதை நியூசிலாந்துக்காரர்கள் முறையாகவே சோதித்துப் பார்த்தார்கள். மனுகா தேனுக்குப் பேர்போன நாடு, தேனுக்கு எதிராகப் பேச அவர்களுக்கு ஒரு காரணமும் இல்லை. மனுகாவின் பங்காளியான கனுகா என்ற செடியின் தேன் 90 சதவீதம், கிளிசரின் 10 சதவீதம். பரு உள்ள 136 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். எல்லோருக்கும் கிருமிநாசினி சோப்பு. ஒரு பிரிவுக்கு மட்டும் சோப்போடு தேனும். 12 வாரம், தினமும் இரண்டு வேளை. 2016-இல் முடிவு வெளியானது. சோப்பு மட்டும் போட்டவர்களைவிடத் தேன் போட்டவர்களுக்குக் கூடுதல் பலன் இருந்ததாகக் காட்ட முடியவில்லை. தினம் இரண்டு வேளை மூன்று மாதம் பூசியவர்களுக்கே இந்தக் கதி என்றால், ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை பூசுகிற நமக்கு என்ன கிடைத்துவிடப் போகிறது?

அப்படியானால் எதற்கு நான் இன்னும் தேன் வைத்திருக்கிறேன்? தோலை அது காயவிடாது, அதனால்தான். பருவுக்கான மருந்துகள் பெரும்பாலும் தோலை வறட்டி உரிக்கும். அந்த எரிச்சலில் பாதிப் பேர் இரண்டாவது வாரமே மருந்தை நிறுத்திவிடுவார்கள். தேன் காற்றிலிருக்கும் ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். கழுவிய பிறகு முகம் மெத்தென்று இருக்கும். அந்த மெத்தென்ற உணர்வைத்தான் பலர் "பரு குறைஞ்சிடுச்சு" என்று சொல்கிறார்கள் என்பது என் சந்தேகம்.

ஆனால் ஈரத்தைப் பிடிக்கிற குணம் வடசென்னையில் மே மாதம் என்ன பாடு படுத்தும் என்பதை எந்த யூடியூப் அக்காவும் சொல்வதில்லை. எங்கள் போர்ஷனுக்கு மேலே மொட்டை மாடி. மத்தியானம் முழுக்க வாங்கின வெயிலை ராத்திரி பத்து மணி வரை கூரை கக்கிக்கொண்டே இருக்கும். காசிமேட்டுப் பக்கமிருந்து வருகிற காற்றில் உப்பும் ஈரமும்தான் இருக்கும், குளிர்ச்சி இருக்காது. முகம் கழுவி, ஈரம் போகுமுன் ஒரு ஸ்பூன் தேனை எடுத்துக் கன்னத்தில் தடவினால் இரண்டு நிமிடத்தில் அது இளகி, வியர்வையோடு சேர்ந்து தாடைக்கு இறங்கி, கழுத்துச் செயினில் போய் நிற்கும். காதோர முடியெல்லாம் ஒட்டிக்கொண்டு பிசுபிசுக்கும். ஃபேனுக்கு நேரே உட்காரலாம் என்று நினைக்கும்போது பார்த்துக் கரண்ட் போகும். ஒருமுறை காலிங் பெல் அடித்து, கேஸ் சிலிண்டர்காரர் வந்து, அதே கோலத்தோடு கதவைத் திறந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் புக்கை மட்டும் பார்த்தது பெரிய மனுஷத்தனம். ஸ்பூனைக் கழுவாமல் வைத்தால் எறும்பு சாரை பிடிக்கும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த ஊர்க் காற்றுக்கும் பருவுக்கும் இன்னொரு விவகாரம் இருக்கிறது. வியர்வையும் எண்ணெயும் சேர்ந்து ஊறுகிற நெற்றியில், ஒரே அளவில் சின்னச் சின்னதாக, அரிப்போடு கிளம்புகிற கொப்புளங்கள் பல நேரம் பருவே இல்லை. மயிர்க்காலில் ஈஸ்ட் பூஞ்சை பெருகி வருவது அது. ஹெல்மெட் போடுகிறவர்கள், வண்டியில் போகும்போது துப்பட்டாவால் முகம் முழுக்கச் சுற்றிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர் இதைக் காட்டி பரு மருந்து கேட்பார்கள். மணலி, எண்ணூர் பக்கம் வேலைக்குப் போகிற பெண்கள் தூசிக்கும் லாரிப் புகைக்கும் பயந்து துப்பட்டா சுற்றுகிறார்கள். அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. தினமும் துவைத்த துப்பட்டா, ஹெல்மெட்டுக்கு உள்ளே துவைத்துப் போடுகிற பருத்தித் தொப்பி, வீட்டுக்கு வந்ததும் முகம் கழுவுவது, இந்த மூன்றும் எந்தத் தேனையும்விட அவர்களுக்கு உபயோகம்.

சரி, எந்தத் தேன்? 2020 டிசம்பரில் டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டு தேன்களைச் சோதித்தது. எல்லாச் சோதனையிலும் தேறியவை மூன்றுதான். மற்றவற்றில் பெரும்பாலானவை மாட்டியது என்.எம்.ஆர். என்கிற பெரிய கருவிச் சோதனையில். நம் ஊர்ச் சாதாரண சோதனைகளில் அகப்படாத மாதிரி தயாரித்த சர்க்கரைப் பாகு கலந்திருந்தது. சாதாரண லேப் சோதனைக்கே டிமிக்கி கொடுக்கிற கலப்படத்தை, டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டும், தீக்குச்சியை நனைத்துக் கொளுத்தியும், பேப்பரில் ஊறுகிறதா என்று பார்த்தும் கண்டுபிடித்துவிடுவோம் என்று நினைப்பது நம் ஆசை. கெட்டியான பாகு வைத்திருந்தால் அதுவும் டம்ளரின் அடியில் அழகாகப் போய் உட்காரும். அடியில் சர்க்கரையாக உறைந்துவிட்டால் கலப்படம் என்பதும் தவறு. குளுக்கோஸ் அதிகமுள்ள நல்ல தேன் தானாகவே உறையும்.

தெருவில் எவர்சில்வர் வாளியில் தேனடையைப் போட்டு, மேலே நாலு தேனீ மொய்க்க, "மலைத்தேன், மலைத்தேன்" என்று வருகிறவரிடம் நான் வாங்குவதில்லை. அடை நிஜமாக இருக்கலாம். வாளியில் அடைக்கு அடியில் இருப்பது வெல்லப்பாகாகவும் இருக்கலாம், தேனீ இரண்டுக்குமே வரும். பார்க் டவுன் ராசப்ப செட்டி தெரு நாட்டு மருந்துக் கடைகளில் வாங்கலாம். கதர்க் கடையில் மார்த்தாண்டம் தேன் கிடைக்கும், அக்மார்க் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம். மார்த்தாண்டம் பக்கத்துத் தேனில் பெரும்பங்கு ரப்பர் மரத்திலிருந்து வருகிறது. அதுவும் பூவிலிருந்து கிடையாது, இளம் இலைக் காம்பில் சுரக்கிற இனிப்பு நீரிலிருந்து. இது எனக்குத் தெரிந்தபோது ஆச்சரியமாக இருந்தது. மனுகா தேன் ஆன்லைனில் ஆயிரக்கணக்கில் விலை சொல்கிறார்கள். அதில் மெத்தில்கிளையாக்சல் என்ற கிருமிக்கொல்லி கூடுதலாக இருப்பது உண்மை. அதுவும் அந்த அடைப்பைத் தாண்ட வேண்டுமே! அந்தக் காசில் ஒரு தோல் டாக்டரை இரண்டு முறை பார்த்துவிட்டு வரலாம். இன்னொன்று, தேனைச் சுட வைக்காதீர்கள். சூட்டில் அந்த நொதி செத்துவிடும், மிச்சம் வெறும் பாகு.

இப்போது எலுமிச்சைக்கு வருகிறேன். தேனால் கெட்ட முகத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. தேனோடு சேர்த்ததால் கெட்ட முகங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தேன், எலுமிச்சை. தேன், பட்டைப் பொடி. தேன், சோடா உப்பு. தேன், சர்க்கரை போட்டுத் தேய்ப்பது. எலுமிச்சைச் சாற்றின் பி.எச். 2 அளவில் இருக்கும், உடைந்த பருவில் பட்டால் எரிகிற எரிச்சலை "வேலை செய்யுது" என்று பொறுத்துக்கொள்கிறார்கள். எரிச்சலாவது கழுவினால் போகும். எலுமிச்சையில் இருக்கிற சில பொருட்கள் தோலில் ஒட்டியிருக்கும்போது வெயில் பட்டால், அந்த இடம் வெந்துபோகும். இரண்டொரு நாளில் சிவந்து, சில சமயம் கொப்புளித்து, அப்புறம் பழுப்புக் கறையாகப் படியும். நம் நிறத் தோலில் அந்தக் கறை போக வாரக்கணக்கும் மாதக்கணக்கும் ஆகும். முகம் வெளுக்க வேண்டும் என்று பூசி, கறுத்த திட்டோடு வருகிறவர்களிடம் "எலுமிச்சை போட்டீங்களா?" என்று கேட்டால், "ஆமா, ஆனா தேன் கலந்துதான்" என்பார்கள், தேன் ஏதோ ஜாமீன் கொடுத்த மாதிரி. பட்டைப் பொடி சிலருக்குத் தோல் ஒவ்வாமையே கொண்டுவரும். சோடா உப்பு அமிலத்துக்கு எதிரான காரம், தோல் இயல்பாகவே லேசான அமிலம், இரண்டுக்கும் ஆகாது. சர்க்கரை போட்டுத் தேய்த்தால் உள்ளே வீங்கியிருக்கிற பரு உள்ளேயே உடைந்து தழும்பாகும்.

காலையில் வெந்நீரில் தேனும் எலுமிச்சையும் குடித்தால் பரு போகும் என்பதும் ஓடுகிறது. குடிப்பதால் வெயிலில் வேகாது, சரி. ஆனால் தேனும் சர்க்கரைதான். ரத்தத்தில் சர்க்கரையை வேகமாக ஏற்றுகிற சாப்பாட்டுக்கும் பருவுக்கும் தொடர்பு இருக்கிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. டீயில் சர்க்கரையை நிறுத்திவிட்டுத் தேனை ஊற்றிக் குடித்துவிட்டு, சர்க்கரையை விட்டுவிட்டேன் என்று சொல்லக் கூடாது.

இதையெல்லாம்விட மோசமானது என் கவுன்டருக்கு உள்ளேயே இருக்கிறது. போன வருஷம் ஒரு துணிக்கடைப் பெண் வந்தாள். பத்தொன்பது, இருபது வயசு இருக்கும். போனில் ஒரு டியூப்பின் போட்டோவைக் காட்டினாள்.

"அக்கா, இது ஒண்ணு குடுங்க."

"யார் எழுதிக் குடுத்தா?"

"கூட வேலை செய்ற பொண்ணுக்கா. நாலே நாள்ல பளிச்சுனு ஆயிட்டா. நானும் போட்டேன், நல்லாத்தான் இருந்துச்சு. நிறுத்துனா உடனே வருதுக்கா, அதான் நிறுத்தல."

துப்பட்டாவை இறக்கச் சொன்னேன். இரண்டு கன்னத்திலும் சிவப்பு நூல் ஓடியது மாதிரி மெல்லிய ரத்தக் குழாய்கள் தெரிந்தன. மேலுதட்டிலும் தாடையிலும் பூனைமுடி. தாடை முழுக்க ஒரே அச்சில் வார்த்த மாதிரி சின்னச் சின்னச் சிவப்புப் பருக்கள். அவள் கேட்டது ஸ்டீராய்டும் வெளுக்கிற மருந்தும் கலந்த க்ரீம். 2018-லேயே ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஷெட்யூல் எச் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். ஸ்டீராய்டு வீக்கத்தை அமுக்குவதால் பரு முதலில் அமுங்கத்தான் செய்யும். அப்புறம் தோல் மெலிந்து, க்ரீமே பருவைக் கிளப்ப ஆரம்பிக்கும். நிறுத்தினால் இன்னும் கிளம்பும். நான் கொடுக்கவில்லை. பக்கத்தில் எங்காவது கிடைக்கும் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால்தான் வெறுமனே "போடாதே" என்று அனுப்ப மனசு வரவில்லை. டாக்டரைப் பார், எப்படி நிறுத்துவது என்று அவர் சொல்வார் என்றேன். "அதுவரைக்கும் சும்மா இருக்கறதாக்கா? கை அடங்காதுக்கா" என்றாள். அவள் சொன்னதில் பொய்யில்லை. கண்ணாடி முன்னால் நிற்கிற கைக்கு ஒரு வேலை வேண்டும்.

"தேன் வை" என்றேன். முதலில் காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி ஒரு நாள் விட்டுப் பார்க்கச் சொன்னேன். மகரந்தம், தேனீ சம்பந்தப்பட்டது எதுவும் ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள். ஒத்துக்கொண்டால் வாரம் இரண்டு மூன்று முறை, ஈர முகத்தில் மெல்லிசாக, பதினைந்து இருபது நிமிடம், சாதாரண தண்ணீரில் கழுவு, தேய்க்காதே, எதையும் கலக்காதே. வீட்டில் ஒரு வயசு நிரம்பாத குழந்தை இருந்தால் அந்த விரலை அது வாயில் வைக்காமல் பார்த்துக்கொள். அந்த வயசில் தேன் ஆகாது, தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி விதை குழந்தையின் குடலில் முளைத்து விஷத்தை உண்டாக்கும்.

ஸ்டீராய்டு பக்கம் போகாத சாதாரணப் பரு என்றால் நான் எடுத்துக் காட்டுவது பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதம். தேன் விட்டு விட்டு உண்டாக்குகிற பெராக்சைடின் தூரத்து உறவுதான். ஆனால் இது எண்ணெயில் கரைந்து அடைப்புக்குள்ளேயே போகும். ராத்திரி மெல்லிசாக, முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள். தலையணை உறையும் நைட்டியும் வெளுத்துப் போகும், அதனால் பழைய உறை போட்டுக்கொள்ளுங்கள். பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரமாவது ஆகும். கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கிறவர்களுக்கு என்னிடம் எதுவும் இல்லை. அடாபலீன் மாதிரி மருந்துகள் டாக்டர் சீட்டோடுதான். கர்ப்பமாக இருப்பவர்கள், அதற்கு முயற்சி செய்கிறவர்கள் அதைத் தொடவே வேண்டாம்.

உள்ளே கட்டியாக வலிக்கிற பரு, குழி விழுகிற பரு, மாதவிலக்கு முறை தப்பி அதோடு முகத்தில் முடியும் சேர்ந்து வருகிற பரு, இவற்றுக்குத் தேனும் வேண்டாம், என் கடையும் வேண்டாம். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது, காலையில் ஓ.பி. சீட்டுப் போட்டுப் பார்க்கலாம், காசு கிடையாது. கூட்டம் இருக்கும், சீக்கிரம் போங்கள். போகும்போது இதுவரை முகத்தில் போட்ட டியூப்களை, காலியானதாக இருந்தாலும், ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். "வெள்ளை டியூப்பு, பச்சை மூடி" என்று சொன்னால் எந்த டாக்டருக்கும் புரியாது.